முதல் ஆண்டு ஆசிரியரும் சொந்த வாசிப்பும்: ஜூன் முதல் மே வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் சேர்ந்ததும் புது ஆசிரியர்கள் முதலில் கைவிடுவது சொந்த வாசிப்பைத்தான். பாடக்குறிப்பைக் கேட்க ஆள் இருக்கிறது, வருகைப் பதிவைக் கேட்க ஆள் இருக்கிறது. "இந்த மாதம் என்ன படித்தீர்கள்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடத்தில் ஒரு புத்தகம்கூட முழுதாகப் படித்து முடிக்கவில்லை. அதன்பின் மெல்ல வழிக்கு வந்தேன். எங்கள் ஒன்றியத்துக்குப் புதிதாக வருகிறவர்களையும் பார்த்து வருகிறேன். ஆர்வம் இல்லாமல் யாரும் விடுவதில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். அதனால் கீழே உள்ளதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நூலக அட்டை. நீங்கள் தங்கியிருக்கும் ஊரின் கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ, பணியில் சேர்ந்த முதல் இரண்டு வாரத்துக்குள் உறுப்பினர் ஆகிவிடுங்கள். காப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தே ஒரு புதுப் புத்தகத்தின் விலைக்குள் அடங்கிவிடும். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் பணம். ஆவணங்கள் எல்லாம் ஏறி முதல் சம்பளம் கைக்கு வர எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் வீட்டுப் பணம். "சம்பளம் வந்ததும் புத்தகம் வாங்குவோம்" என்று தள்ளினால் அதற்குள் வேறு பழக்கங்கள் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

புது ஊரில் முகவரிச் சான்று இருக்காது. தலைமையாசிரியரிடம் பணிச் சான்று ஒன்று வாங்கிக்கொண்டு நூலகரை நேரில் போய்ப் பாருங்கள். ஆசிரியர் என்று தெரிந்தால் பெரும்பாலான நூலகர்கள் வழி சொல்வார்கள். நூலகம் எந்தக் கிழமை விடுமுறை, மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. அது தெரியாமல் வெள்ளி மாலை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய இருவர், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டாவது, 40 பக்க நோட்டு ஒன்று. பெரியது வேண்டாம், பையின் முன்னறையில் அடங்க வேண்டும். மூன்றாவது, நூறு பக்கத்துக்கு உட்பட்ட மெலிந்த புத்தகங்கள் மூன்று. அப்புறம் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. நூலகப் புத்தகம் நனைந்தால் மறுமுறை எடுக்கவே கூச்சமாகிவிடும்.

2. ஜூன் மாதம் முழுக்கப் பாடநூல்கள் மட்டும்

ஜூன் மாதத்தில் நாவலை எடுக்காதீர்கள். சேர்க்கை, விலையில்லாப் பாடநூல் வழங்கல், எமிஸ் என்ற இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் முகம் என்று எல்லாமே புதிது. அந்த மாதத்தில் ஆரம்பிக்கும் பெரிய புத்தகம் 30ஆம் பக்கத்தில் நின்றுவிடும். பாதியில் நின்ற புத்தகம் அடுத்த புத்தகத்தையும் எடுக்க விடாது.

அந்த மாதத்துக்கு வேறு வாசிப்பு இருக்கிறது. நீங்கள் நடத்தும் வகுப்பின் பாடநூலை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒருமுறை வாசித்துவிடுங்கள். அதற்கு முந்தைய வகுப்பு நூலையும் அடுத்த வகுப்பு நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உங்கள் பாடம் அல்லாத ஒன்றையும், குறிப்பாகத் தமிழ்ப் பாடநூலையும்.

காரணம் சொல்கிறேன். முதல் ஆண்டு ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தினேன். மூன்று நாள் பிள்ளைகள் விழித்துக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் எந்தப் படத்தை வைத்து, எந்தச் சொல்லில் அது அவர்களுக்கு வந்தது என்பதை நான் பார்க்கவே இல்லை. ஐந்தாம் வகுப்பு நூலைப் புரட்டிய மாலைதான் எங்கே கயிறு அறுந்தது என்று தெரிந்தது. அடுத்த நாள் அதே படத்திலிருந்து ஆரம்பித்தேன், பாடம் நகர்ந்தது.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, அன்றன்று நடத்த வேண்டிய பக்கத்தை மட்டும் முந்தைய இரவு படிப்பது. அப்படிப் படித்தால் வருடம் முழுக்க இரவுகள் போய்விடும். ஜூனில் முழுதாக ஒருமுறை படித்துவிட்டால், பின்னால் ஒவ்வொரு பாடத்துக்கும் தயாராக ஆகும் நேரம் பாதியாகக் குறையும். மீதி நேரம்தான் உங்கள் சொந்த வாசிப்புக்கான மூலதனம்.

3. தேர்வு வாசிப்பை இறக்கி வையுங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் மற்ற படிகள் எதுவும் நிற்காது. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) என்று மூன்று நான்கு வருடம் படித்துவிட்டு வருகிறோம். அந்த வருடங்களில் நம் கண் ஒருவிதமாகப் பழகிவிடுகிறது. ஆண்டு, பெயர், அடைமொழி, எது எதோடு பொருந்தும் என்று தேடும். கையில் ஹைலைட்டர் இல்லாமல் பக்கத்தைத் திருப்ப முடியாது. ஒரு சிறுகதையைப் படித்தால்கூட "இதில் ஒரு மதிப்பெண் வினா எது?" என்று மனம் பிரித்துக்கொண்டிருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. கதை படித்தால் சலிப்பு வருகிறதே, ரசனையே போய்விட்டதோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

போகவில்லை. பழக்கத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஜூலை முதல் வாரம் இப்படிச் செய்யுங்கள். பத்துப் பக்கத்துக்குள் முடியும் ஒரு சிறுகதையை எடுங்கள். பேனாவை வேறு அறையில் வையுங்கள். ஒரே அமர்வில் வாசித்து முடியுங்கள். முடித்ததும் வீட்டில் ஒருவரிடமோ அறைத் தோழரிடமோ கதையை உங்கள் வாயால் சொல்லுங்கள். பெயர் மறந்தால் பரவாயில்லை, "அந்த ஆளு" என்றே சொல்லுங்கள்.

வாயால் சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேர்வு வாசிப்பில் தகவல் தனித்தனியாக நிற்கும். கதையைச் சொல்லும்போது ஒன்றின் பின் ஒன்றாகத் தொடுக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாறு கதைகளை இப்படிச் சொன்ன பிறகு, படிக்கும்போதே அந்தத் தொடுப்பு தானாக நடக்கும். வகுப்பில் கதை சொல்லவும் இதுவே பயிற்சி. தனியாகப் பயிற்சி எடுக்கத் தேவையில்லை.

பேனா இல்லாமல் முதல் கதையிலேயே தடுமாறினால் விட்டுவிடாதீர்கள். எனக்கு நான்காவது கதையில்தான் பிடி கிடைத்தது.

4. நேரத்தைக் காலையில் பிடியுங்கள்

இரவு படிக்கலாம் என்று திட்டம் போட்ட புது ஆசிரியர் யாரும், நான் பார்த்தவரை, ஆகஸ்டைத் தாண்டவில்லை. இரவில் பாடக்குறிப்பு இருக்கும். வாட்ஸ்அப்பில் "நாளை காலை 10 மணிக்குள் விவரம் அனுப்பவும்" என்று ஒரு செய்தி இருக்கும். நாள் முழுக்கப் பேசிய தொண்டை, நின்ற கால். அந்த உடம்பிடம் வாசிப்பைக் கேட்பது நியாயமில்லை.

காலையில் பள்ளி மணி அடிப்பதற்கு முன் எங்கேயாவது 20 நிமிடம் கிடைக்கும். பஸ் நிலையத்தில் காத்திருக்கும் நேரம், சீக்கிரம் கொண்டுபோய் விடும் ஒரே பஸ், பள்ளியில் மற்றவர்கள் வருவதற்கு முந்தைய கால் மணி. எனக்கு 7.50 பஸ். அதை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு. அதனால் 8.30க்கே பள்ளி வாசலில் இருப்பேன். வேப்ப மரத்தடித் திண்ணைதான் என் வாசிப்பு அறை.

ஓடும் பஸ்ஸில் படித்தால் சிலருக்குத் தலை சுற்றும். அவர்கள் ஓடாத நேரத்தைத் தேடுங்கள், பஸ்ஸில் வேடிக்கை பாருங்கள்.

அளவு, ஒரு நாளைக்கு 15 பக்கம். இரண்டு வாரத்தில் 200 பக்கப் புத்தகம் முடியும். "தினம் ஒரு மணி நேரம்" என்று ஆரம்பிப்பவர்கள் ஒரு நாள் தவறியதும் மொத்தமாக விடுகிறார்கள். 15 பக்கம் தவறினால் நாளை தொடரலாம், மனம் கனக்காது. இன்னொன்று, அந்த 20 நிமிடமும் போன் பைக்குள் இருக்கட்டும். மின்நூல் படிப்பவர் என்றால் இணையத்தை அணைத்துவிட்டுப் படியுங்கள்.

5. எதைப் படிப்பது: மூன்று வரிசைகள்

புதியவர்கள் நேராகக் கல்வி பற்றிய புத்தகங்களுக்குப் போகிறார்கள். நல்ல புத்தகங்கள்தான், ஆனால் முதல் ஆண்டில் அவை மட்டுமே என்றால் நாள் முழுக்கப் பள்ளி, ஓய்விலும் பள்ளி என்று ஆகிவிடும். மூன்று வரிசையை மாற்றி மாற்றி எடுங்கள்.

முதல் வரிசை, உங்களுக்காக. பள்ளியோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். சமையல், கிரிக்கெட், துப்பறியும் கதை, பயணம் எதுவானாலும் சரி. "ஆசிரியர் இதைப் படிக்கலாமா?" என்று யோசிக்க வேண்டாம். பக்கத்தைத் திருப்பும் வேகம் இங்கேதான் வரும், அந்த வேகம் மற்ற இரண்டுக்கும் உதவும்.

இரண்டாம் வரிசை, பிள்ளைகளின் புத்தகங்கள். உங்கள் பள்ளியிலேயே இருக்கும். அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்று எளியதிலிருந்து நிலை பிரித்த சிறு நூல்கள், ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள், முன்பு புத்தகப் பூங்கொத்து என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த நூல்கள். இரண்டு மூன்று மாலையில் பெரும்பகுதியை வாசித்துவிடலாம். ஒரு புத்தகத்தைப் படிக்காமல் பிள்ளையிடம் கொடுத்தால், "நல்லா இருக்கும், படி" என்பதற்கு மேல் உங்களால் எதுவும் சொல்ல முடியாது. படித்திருந்தால், "உன் வீட்டு ஆடு மாதிரியே ஒன்று இதில் வருது" என்று கொடுக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவன் புத்தகத்தைத் திறப்பான்.

மூன்றாம் வரிசை, வேலை பார்க்கும் ஊர். இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். நானும் மூன்றாம் வருடம்வரை விட்டிருந்தேன். எங்கள் பள்ளிக்குப் பின்னால் புளிய மரத்தடியில் ஒரு கல் இருக்கிறது. வில்லோடு நிற்கும் ஓர் ஆள் உருவம். ஊரில் அதற்கு வேடியப்பன் என்று பெயர், பொங்கல் வைப்பார்கள். சின்னக் கோயில் என்று மட்டும் நினைத்துக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். மாவட்ட மைய நூலகத்தில் ஒருநாள் நடுகற்கள் பற்றிய மெல்லிய நூல் ஒன்று கையில் கிடைத்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் நூற்றுக்கணக்கில் நடுகற்கள் இருப்பதும், அவற்றில் பல வேடியப்பனாக வழிபடப்படுவதும் அதில் இருந்தது. மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மீட்டு இறந்த வீரனுக்கு நட்ட கல். பல்லவர் காலக் கற்களில் வட்டெழுத்தில் "தொறு" என்று வரும். தொறு என்றால் மாட்டு மந்தை.

மறுநாள் எட்டாம் வகுப்பில் "தொறு" என்று கரும்பலகையில் எழுதி, என்ன பொருள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கல்லைப் பற்றிச் சொன்னதும், வழக்கமாகக் கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் ஒரு பையன் எழுந்து, "சார், எங்க கொல்லையிலயும் ஒண்ணு இருக்குது, கத்தியோட" என்றான். சனிக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினான். அதன் பிறகு அவன் கணக்கு நோட்டை ஒளிக்கவில்லை. ஒரு மெலிந்த நூல் எனக்கு அந்த ஊரையும் அந்தப் பையனையும் சேர்த்தே காட்டியது.

உங்கள் ஊருக்கு நடுகல் இல்லாமல் இருக்கலாம். ஏரி இருக்கும், சந்தை இருக்கும், ஒரு தொழில் இருக்கும். நூலகரிடம் "இந்த மாவட்டத்தைப் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பழைய இலக்கியம் வேண்டும் என்றால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் தன்னார்வ முயற்சியாக 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் இலவசமாகக் கிடைக்கும். இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே போகும் முன் பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். நிலுவைச் சம்பளம் வந்த கையோடு போய் முப்பது புத்தகம் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைக்கு மூன்று போதும்.

6. நோட்டில் என்ன எழுதுவது

ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம். கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவே மாட்டீர்கள். மூன்று விஷயம் போதும்: பிடித்த ஓர் இடமும் அதன் பக்க எண்ணும், புதிதாகத் தெரிந்த ஒரு சொல், வகுப்பில் இதை யாரிடம் சொல்லலாம் என்று ஒரு பிள்ளையின் பெயர்.

பிள்ளையின் பெயரை எழுதச் சொல்வதுதான் முக்கியம். "வகுப்புக்குப் பயன்படும்" என்று பொதுவாக எழுதினால் எப்போதும் பயன்படாது. ஒரு பெயரை எழுதிவிட்டால் மறுநாள் அந்த முகத்தைப் பார்க்கும்போது நினைவு வரும்.

இந்த நோட்டைப் பாடக்குறிப்போடு சேர்க்காதீர்கள், பார்வைக்கு வரும் அதிகாரியிடம் காட்டவும் வேண்டாம். காட்டுவதற்காக எழுத ஆரம்பித்தால் நடை மாறும், பிறகு வாசிப்பே மாறும். தினமும் முகநூலில் விமர்சனம் போட ஆரம்பித்த ஒரு தம்பிக்கு, பதிவு போடத் தோதான புத்தகமாகத் தேடுவதிலேயே நேரம் போனது. ஓர் ஆண்டு முடியட்டும், அப்புறம் எழுதலாம்.

7. வகுப்புக்குள் கொண்டு போவது

இதை ஜூலையிலேயே ஆரம்பிக்க ஆசை வரும். காலாண்டுத் தேர்வு முடியும்வரை பொறுங்கள். உங்கள் பழக்கமே நிலைக்காதபோது வகுப்பு நூலகம், வாசகர் வட்டம் என்று திறந்தால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். ஆரம்பித்து நிறுத்தியதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள், அடுத்த முறை நம்பவும் மாட்டார்கள்.

முதலில், அவர்கள் கண்ணில் படும்படி நீங்கள் படியுங்கள். மதிய உணவு முடிந்து மணி அடிக்கும் முன் ஐந்து நிமிடம் போதும். எதையும் சொல்ல வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் ஒருவர் வந்து "என்ன சார் படிக்கிறீங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்து, சத்தமாக வாசித்துக் காட்டுவது. வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம். முந்தைய நாள் நீங்கள் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீண்ட வாக்கியத்தில் மூச்சு உடையும், பிள்ளைகளின் கவனமும் அங்கேயே உடையும். சுவாரசியமான இடத்தில் நிறுத்துங்கள், மீதி அடுத்த வகுப்பில்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். முதல் கதையை முடித்ததும் "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்டேன். அடுத்த முறை கதை என்றதும் எல்லோரும் நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் கஷ்டப்பட்டு இறக்கி வைத்த தேர்வு வாசிப்பை அவர்கள் தலையில் ஏற்றியிருந்தேன். அதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது. வாசித்து முடித்ததும் பேசாமல் இருங்கள். அவர்களே ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகத்தான் புத்தகத்தைக் கையில் கொடுப்பது. பெரும்பாலான பள்ளிகளில் புத்தகங்கள் பீரோவில் பூட்டியிருக்கும். தலைமையாசிரியரைக் குறை சொல்லாதீர்கள். இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மொத்தப் பீரோவையும் கேட்காமல், 20 புத்தகத்தை மட்டும் உங்கள் கையெழுத்தில் பெற்றுக்கொள்கிறேன் என்று கேளுங்கள். பொறுப்பு உங்களுடையது என்றால் மறுப்பவர் குறைவு. வகுப்பில் ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கயிறு கட்டி, அதில் தொங்கவிடுங்கள். எடுத்தவர், திருப்பியவர் கணக்கை ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதட்டும். ஒன்றிரண்டு கிழியும், ஒன்று தொலையும். அதற்குத் திட்டினால் அன்றோடு முடிந்தது. தொலைந்ததை நீங்களே வாங்கி வையுங்கள்.

எழுத்துக் கூட்டவே தடுமாறும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு, எட்டிலும் உண்டு. அவருக்கு "நுழை" நிலைப் புத்தகத்தைத் தனியாகக் கொடுத்தால் கூச்சப்படுவார். "ஒண்ணாம் வகுப்பு தம்பிக்குப் படிச்சுக் காட்டணும், நீ ஒரு தடவை பார்த்துக்கோ" என்று கொடுங்கள், உண்மையிலேயே படித்துக் காட்டவும் அனுப்புங்கள். எங்கள் பள்ளியில் பலன் தந்த வழி இது.

8. தேர்வு மாதங்களில்

செப்டம்பர், டிசம்பர், ஏப்ரல் மாதங்களில் விடைத்தாள் திருத்துவதும் மதிப்பெண் ஏற்றுவதும் இருக்கும். அப்போது 15 பக்கம் நடக்காது. முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள், நூலகப் புத்தகத்தையும் திருப்பிவிடுங்கள். தானாக அறுந்துபோனால் குற்ற உணர்வு வரும், நாமே நிறுத்தினால் வராது. திரும்ப ஆரம்பிக்கும்போது பழைய புத்தகத்தைத் தொடராமல், முதல் வரிசையிலிருந்து ஒரு மெலிந்ததை எடுங்கள். அரையாண்டு விடுமுறை இதற்கு நல்ல நேரம்.

9. ஒரே ஓர் ஆளைத் தேடுங்கள்

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பலரைப் பார்ப்பீர்கள். தேநீர் இடைவேளையில் புத்தகம் பற்றி ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். கண்ணில் வெளிச்சம் வரும் ஒருவர் இருப்பார். அவரோடு மாதம் ஒரு புத்தகம் மாற்றிக்கொள்ளுங்கள். நூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு வேண்டாம். இரண்டாம் நாள் பிறந்தநாள் வாழ்த்து, மூன்றாம் நாள் அரசாணை பற்றிய வாதம் என்று போய்விடும்.

பணியாளர் அறையில் "இன்னும் படிச்சு என்ன சார் பண்ணப் போறீங்க, அதான் வேலை கிடைச்சிருச்சே" என்று மூத்தவர் ஒருவர் கேட்பார். என்னிடமும் கேட்டார்கள். வாதம் செய்யாமல், அவருக்குப் பிடித்ததைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுபோய்க் கொடுங்கள். என்னிடம் கேட்டவருக்குக் காளைகள் என்றால் உயிர். நாட்டு மாட்டு இனங்கள் பற்றிய நூலைக் கொடுத்தேன், ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அட்டை முழுக்க அவர் ஒட்டிய டேப்.

10. மே மாதம் செய்ய வேண்டியவை

கயிற்றில் தொங்கும் புத்தகங்களை எண்ணி, இருப்புப் பதிவேட்டோடு சரிபார்த்து, பீரோவில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். இதைச் சரியாகச் செய்தால் அடுத்த ஆண்டு 40 கேட்கலாம்.

40 பக்க நோட்டைத் திரும்பப் புரட்டி, எந்தெந்தப் பிள்ளைகளின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்று பாருங்கள். அந்தப் பெயர்களைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊர் கிடைத்தால், நூலகத்தில் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து, அட்டையை ஒப்படைத்து, காப்புத் தொகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் புது ஊரின் நூலகம் எங்கே இருக்கிறது என்று இந்த நூலகரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அங்கிருப்பவரின் பெயரும் சேர்ந்தே கிடைக்கும்.